மூலை மழுங்கிய அட்டைகள்

இஞ்சாருங்கோ, சவுக்காரம் போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து இந்த மணம் போகவில்லை. பழைய கடதாசியின் புழுங்கல் மணம், அதற்குள்ளே அட்டையோடு வந்து, எந்தக் காலத்திலோ யாரோ சப்பாமல் விட்ட சூயிங்கத்தின் இனிப்பு. உங்கள் சட்டைப் பைகளிலும் இதே மணம்தான் இருக்கும். உடுப்புத் தோய்க்கப் போடுமுன் பையைத் தடவிப் பார்க்காவிட்டால் எனக்குத்தான் வினை. அட்டையில் படமாயிருக்கும் யாராவது ஒரு பேஸ்போல் ஆட்டக்காரர் இயந்திரத்துக்குள் நுரையோடு சுற்றிக்கொண்டிருப்பார். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன, எழும்பி ஒரு வேலை செய்ய ஏலாது. கை மட்டும் சும்மா இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜூலை முதலாந் தேதி வீடு விடுகிறேன். அந்த நாளை உங்களுக்குத் தெரியும்தானே, வாடகைச் சீட்டு எல்லாம் அன்றைக்கே முடிகிறதால் இந்த ஊரே கட்டிலும் மெத்தையுமாகத் தெருவில் நிற்கும். அந்தக் கூட்டத்தோடு நானும் பார்க் எக்ஸின் இந்த மூன்றாம் மாடியை விட்டிறங்கி, பியர்பொன்ட்ஸில் மகள் வீட்டுக்குப் போகிறேன். வெளிப்படியில் பனி உறைந்த நாட்களில் அரிசி மூட்டையோடு நாங்கள் ஏறின ஏற்றத்தை என் முழங்கால் இனிச் செய்யாது. எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் விருப்பமில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கவும் தென்பில்லை.

மகள் ஒருநாள் வந்து குசினி வாசலில் நின்று சாமான்களை ஒரு பார்வை பார்த்தாள். “அம்மா, உங்கட உடுப்பு, சாமிப்படம், தையல் மெசின், அவ்வளவும் காணும். அப்பான்ர காட் எல்லாத்தையும் என்ன செய்யிறதெண்டு இப்பவே யோசியுங்கோ. எங்கட பேஸ்மென்டில பிள்ளையளின்ர சாமானே நிரம்பி வழியுது” என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, அரிசி வாளிக்குப் பின்னாலே என்று பிஸ்கட் பேணி பேணியாக அட்டைகளை நிரப்பிவைத்துவிட்டுப் போன ஆள் நீங்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி முறை தெளிவாகக் கதைத்தபோதும் இதைத்தான் கதைத்தீர்கள். வீட்டைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி இல்லை. “அதுகளைக் குப்பையில மட்டும் போடாதையும். மிச்சம் உம்மட விருப்பம்.” நான் ஓம் என்றேன். அந்த நேரத்தில் நீங்கள் சந்திரனைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. போன பனிக்காலம் முழுக்க அந்த ஓம் என் தலைக்கு மேலே குந்திக்கொண்டிருந்தது.

பிரெஞ்சு வகுப்பில் நீங்கள் நித்திரை தூங்கி விழுந்ததுதான் இதற்கெல்லாம் தொடக்கம். பகலில் சென்ட் லோரன்ட்டில் மருந்துக் கம்பனிக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு, சனி ஞாயிறு இரவு உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு, மிச்ச நேரத்தில் வகுப்புக்குப் போனால் எந்த மனுசனுக்குத்தான் கண் மூடாது? புத்தகத்தைத் திறந்தாலே உங்களுக்குக் கொட்டாவி வரும். அந்தக் காலத்தில்தான் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கேத்தில் வாங்கப் போனீர்கள். கேத்திலோடு ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அட்டைகளையும் சும்மா தந்துவிட்டார்கள், அவர்களுக்கும் வீட்டை வெறுமையாக்க வேண்டியிருந்திருக்கும். முன்பக்கம் தொப்பி போட்ட ஒருவரின் படம். பின்பக்கம் அவரைப் பற்றி இங்கிலீசில் இரண்டு வசனம், அதே இரண்டு வசனம் பிரெஞ்சில். “இது நல்ல புத்தகம். நித்திரை வர முதல் படிச்சு முடிஞ்சிடும்” என்றீர்கள்.

அப்படித்தான் நீங்கள் இரண்டு மொழியும் படித்தீர்கள். ஒருவர் எத்தனை அடி உயரம், எந்தக் கையால் அடிப்பார், எந்த ஊரில் பிறந்தார். ஒரு நாள் நான் தையல் தொழிற்சாலையிலிருந்து வந்து, மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் உலையை வைத்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து கூப்பிட்டீர்கள்.

“இஞ்சை பாரும். இந்த மனுசன் ஆட்டம் இல்லாத மாசங்களில தளபாடக் கடையில வேலை செய்யிறாராம்.”

“ஆர்?”

“இவர்தான். படம் எல்லாம் போட்டிருக்கு. இந்தா இன்னொராள், பனிக்காலத்தில வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறாராம். அந்தக் காலத்தில இவையளுக்கும் ஒரு சம்பளம் காணாது போல.”

உங்கள் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு உங்களை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டதே இல்லை. இத்தனை பேர் கைதட்டிப் பார்த்த ஆளும் இரண்டு வேலை செய்தான் என்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கினாலும், “சோறு வடிக்க வேணும், தள்ளுங்கோ” என்றுதான் சொன்னேன்.

அதன் பிறகு விசர் முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுவிட்டு ஒன்று தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் அட்டைச் சந்தை. நானும் ஒரு தடவை வந்தேனே. மேசைக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் மூலை கூராக, மாப்பிள்ளை மாதிரி இருக்கும் அட்டைகள். அதை நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய் மேசைக்குக் கீழே குந்திவிட்டீர்கள். அங்கேதான் கழிவுப் பெட்டிகள் இருந்தன. மடிந்தது, கிழிந்தது, பசை ஒட்டிப் பிய்த்தது, சுவரில் குத்தின ஓட்டை உள்ளது. பெயர் கேட்டால் ஒருவருக்கும் தெரியாத ஆட்டக்காரர்கள். “மூலை மழுங்கினால்தான் எங்கட விலைக்கு வரும்” என்று எனக்குக் கீழேயிருந்து விளக்கம் வேறு.

காசு எங்கேயிருந்து என்று நான் கேட்க முதலே பதில் வைத்திருந்தீர்கள். வேலை இடத்து மெசினில் கோப்பி வாங்குவதை நிறுத்திவிட்டு, என் தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டு போனீர்கள். அந்தக் கோப்பிக் காசுதான் அட்டைக் காசு, அதற்கு மேலே ஒரு சதமும் போகமாட்டீர்கள். அந்தக் கட்டுப்பாட்டை நான் மெச்சத்தான் வேண்டும். ஆனால் குனிந்து குனிந்து தேடிவிட்டு வந்து திங்கட்கிழமை முதுகு வலி என்று முனகினால் தைலம் பூசுவது யார்? “பலாப்பழமே பிடுங்கப் போனியள்?” என்று கேட்டுக்கொண்டே பூசினவள் நான்தான்.

பேனாவால் மீசை கீறின அட்டைகள் என்றால் உங்களுக்கு உயிர். மேசைக்கு மேலே இருப்பவர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். நீங்கள் அதை யன்னலுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, “ஆரோ ஒரு பிள்ளை இதோட நல்லா விளையாடியிருக்கு” என்பீர்கள். ஓட்டை விழுந்ததைக் கண்டால், “சுவரில குத்தி வைச்சு ஆரோ நெடுகப் பார்த்திருக்கினம்” என்பீர்கள். இந்த நகரத்தின் பேஸ்போல் அணி இந்த நகரத்தை விட்டே போய்விட்டது, நாங்கள் ஒரு ஆட்டம்கூடப் போய்ப் பார்க்கவில்லை. ஒருநாள் போவமே என்று நான் கேட்டதற்கு, “போனால் ஆர் வெண்டது, ஆர் தோத்தது எண்டு பார்க்க வேணும். எனக்கு ஆக்களைப் பார்த்தாக் காணும்” என்றீர்கள். சரியான சோம்பேறிப் பதில். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

நல்ல அட்டை என்று உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடின ஆட்டக்காரர் ஒருவருடைய முதல் வருட அட்டை. சந்தையில் உங்களுக்குப் பழக்கமான தாடிக்காரக் கிழவர் ஒருவர் இருந்தாரே, அவருக்கு சந்தைக்குச் சந்தை மேசை தூக்கி, மடக்கி, அவருடைய வாகனத்தில் ஏற்றிக் கொடுத்து, மேலதிகமாகக் கிடந்த அட்டைகளையும் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. வந்த நாளிலிருந்து அதை நீங்கள் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. “தொடப் பயமாக் கிடக்கு. வீட்டில பெரிய ஆள் ஒருத்தர் வந்து நிக்கிற மாதிரி” என்று சொல்லி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டீர்கள். இது மட்டும் விலைபோகும் என்று மருமகன் ஒருமுறை சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள், அவ்வளவுதான்.

அந்த அட்டைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நீங்கள் போன எட்டாம் நாள், உங்களுக்குப் படைக்கிற எட்டுச் செலவு அன்றைக்கு, வீடு நிறைய ஆட்கள். டொரொன்டோவிலிருந்து வந்த உங்கள் தங்கச்சிதான் குசினியில் அதிகாரம். உங்களுக்கு விருப்பமான நண்டுக் குழம்பு, கணவாய்ப் பொரியல், முருங்கைக்காய், நீங்கள் வருசத்துக்கு ஒருமுறை குடிக்கும் அந்தப் பிராண்டி, எல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தாயிற்று. “மச்சாள், அண்ணைக்கு விருப்பமானது எல்லாம் வைச்சாச்சே? பிறகு குறை எண்டு இருக்கக் கூடாது” என்று அவள் கேட்டாள். நான் போய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தேன். இருந்ததுக்குள் நல்லதைத்தானே படைக்க வேண்டும்.

படைக்கிற சாமானை மூடி வைக்கக் கூடாது. பிராண்டிப் போத்தலின் மூடியைத் திறந்தாயிற்று, வாழைப்பழத்தின் தோலை உரித்தாயிற்று. இதை மட்டும் உறைக்குள் விட்டால் நீங்கள் எப்படி எடுப்பீர்கள்? நகத்தால் நெம்பி, பிறகு கரண்டியால் நெம்பி, உறையைத் திறந்து அட்டையை வெளியே எடுத்தேன். சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். தேவாரம் பாடித் தண்ணீர் தெளித்துச் சுற்றினபோது அதிலும் பட்டது. நண்டுக் குழம்பும் ஒரு ஓரத்தில் கொஞ்சம் ஊறியிருக்க வேண்டும், ஒரு மூலை இப்போது மஞ்சளாக இருக்கிறது.

மருமகன் அதைக் கண்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். “மாமி, உதைக் கவருக்கால வெளியில எடுத்திருக்கக் கூடாது மாமி. ஐயோ, குங்குமமும் வைச்சிட்டியள்” என்றார். அந்தப் பிள்ளைக்கு அழுகை வராத குறை. எனக்கு ஒரு துக்கமும் வரவில்லை. நான் செய்தது எனக்குச் சரியாகத்தான் பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் மற்ற அட்டைகளின் கதிதான் என்னை வாட்டியது. மருமகன் படம் எடுத்து இணையத்தில் போட்டார், ஒருவரும் கேட்கவில்லை. நகரத்துக்குள்ளே ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே நின்றவன் ஒரு பேணியைத் திறந்து, சீட்டுக் குலைப்பது போல விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் கழிவு, மீள்சுழற்சித் தொட்டியில் போடலாம் என்றானாம். மகளும், “அம்மா, ரீசைக்கிளிங் எண்டால் குப்பை இல்லைத்தானே” என்று எனக்கு வழி காட்டினாள். கெட்டிக்காரி. உங்களை ஏமாற்ற அது போதும். என் மனதுக்கு ஒப்பவில்லை. கோபம் எல்லாம் உங்கள் மேல்தான் வந்தது. எவரும் வேண்டாம் என்றதையே தேடித் தேடி வாங்கிவிட்டு, அதைக் குப்பையில் போடாதையும் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே.

கடைசியில், இந்த ஞாயிற்றுக்கிழமை, அட்டைச் சந்தைக்கே கொண்டுபோனேன். மருமகன் பேணிகளை எல்லாம் காரில் ஏற்றி, மண்டபத்துக்குள் இறக்கி வைத்துவிட்டு, “முடிஞ்சதும் ஃபோன் அடியுங்கோ மாமி” என்று போய்விட்டார். தாடிக்காரக் கிழவர் அதே மூலையில் இருந்தார். என்னை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது. “பொன்சூர் மதாம்” என்று வணக்கம் சொன்னார். பிறகு உங்களைத் தேடி எனக்குப் பின்னால் பார்த்தார். பனிக்காலம் முழுக்க அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போல. தொழிற்சாலையில் நான் பொறுக்கின பிரெஞ்சில் இதற்கு ஒரேயொரு சொல்தான் இருக்கிறது. பக்குவமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. “மோர்” என்றேன். செத்துப்போனார் என்று முகத்தில் அடித்தது போல. அவர் கதிரையை இழுத்து எனக்குத் தந்துவிட்டு, தான் மேசை விளிம்பில் இருந்துகொண்டார்.

முதலில் அந்த நல்ல அட்டையைத்தான் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். “மதாம், இது என்ன சிவப்பு?” அவர் பிரெஞ்சில் கேட்டதை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். சாமிக்கு, சாப்பாடு, அவருக்குப் படைத்தது என்று கையாலும் வாயாலும் சொன்னேன். மனுசனுக்கு விளங்கிவிட்டது. சிரிக்கத் தொடங்கினவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்கட மனுசன் இதைத் திருப்பித் தர எத்தனை தரம் வந்தவர் தெரியுமே? சுத்தமான காட் தனக்குச் சரிவராது, உடைஞ்சதாப் பார்த்து மாத்தித் தா எண்டு. நான்தான் மாட்டன் எண்டிட்டன். இப்பதான் இது அவற்ற காட்” என்று என் கையிலேயே திருப்பித் தந்தார்.

அதை என் கைப்பைக்குள் வைத்தேன். வந்த அலுவலைப் பார்க்க வேண்டுமே. பேணிகளைக் காட்டி, இதெல்லாம் ஒன்றுக்கும் உதவாதாம், கடையில் சொன்னார்கள் என்றேன். அவர் மேசைத் துணியைத் தூக்கிக் கீழே பார்க்கச் சொன்னார். நீங்கள் குந்தியிருந்து தேடும் பெட்டிகள். ஏறக்குறைய வெறுமையாக இருந்தன.

“இதைக் காலி பண்ணினதே அவர்தான். சுத்தமானதைக் காசு இருந்தா எங்கையும் வாங்கலாம், மதாம். இந்தப் பேர் தெரியாத சனங்களின்ர காட்டை எல்லாரும் எறிஞ்சு போட்டினம். முழுச் செட்டாச் சேர்க்கிற ஆக்கள் இப்பிடி ஒரு காட் கிடைக்காமத்தான் முட்டுப்பட்டு நிக்கினம். இஞ்சை வந்து கீழ குனிஞ்சு பார்த்திட்டு வெறுங்கையோட போகினம். கொண்டாங்கோ.”

அவர் விலை சொன்னார். நான் அதைக் கூட்டிக் கேட்டேன். சும்மா கொடுத்தால் நீங்கள் குனிந்த குனிவுக்கு மரியாதை இல்லை. அவர் தலையாட்டிவிட்டு, பேணி பேணியாகத் திறந்து பெட்டிக்குள் கொட்டினார். கொட்டி முடியவில்லை, பஸ் சாரதிச் சட்டை போட்ட ஒருவர் வந்து குந்திவிட்டார். பக்கத்தில் ஒரு பெட்டை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள் போல, அவளும் முழங்காலில் நின்று கிண்டினாள். மீசை கீறின அட்டை ஒன்று அவளுடைய கையில் வந்தது. முகம் சுளிக்கவில்லை, சாரதிக்குக் காட்டிச் சிரித்தாள். நான் அங்கேயே இருந்து பார்த்தேன். பாரம் இறங்கினதும் உண்மை, ஓடிப்போய்ப் பறித்துக்கொண்டு வரவேண்டும் போல இருந்ததும் உண்மை. இரண்டையும் உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

மருமகன் வரும்வரை சும்மா இருக்க ஏலாமல், அடுத்த மேசைப் பெட்டியில் கையை விட்டேன். படிக்கவென்று இல்லை, கைக்கு ஏதாவது வேண்டுமே. அட்டையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற ஒருவர் கைக்கு வந்தார். ஒரு மூலையே இல்லை, நாய் கடித்திருக்குமோ தெரியாது. பின்பக்கம் சின்னக் கீறு படம், அதற்குக் கீழே ஒரு வரி. எழுத்துக் கூட்டி வாசித்தேன். இவருடைய தலைமயிரை இவருடைய மனைவிதான் வெட்டிவிடுகிறாளாம்.

அதை வாங்கிவிட்டேன். விற்கப் போனவள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். மகளுக்குத் தெரியாது, தெரிந்தால் ஏசுவாள்.

நான் வெட்டினேனே உங்களுக்கு, இத்தனை வருசமும். சலூனுக்கு எதற்குக் காசு என்று முதல் பனிக்காலத்தில் தொடங்கினது. குசினிக்கு நடுவில் கதிரை, கழுத்தைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பு, கையில் தையல் கத்தரிக்கோல். “காதை விட்டிட்டு வெட்டும்” என்பீர்கள். உங்கள் உச்சியில் மயிர் வலது பக்கம் சுழன்று நிற்கும், அதை அதன் போக்கில் விட்டு வெட்டாவிட்டால் சேவல் கொண்டை மாதிரி எழும்பிவிடும். அதைப் பழக எனக்குப் பல காலம் எடுத்தது. நரைத்தும், கொட்டியும், ஆஸ்பத்திரியில் பஞ்சு மாதிரிப் போன பிறகும் அந்தச் சுழி மட்டும் மாறவில்லை.

செத்தவீட்டு மண்டபத்தில் உங்களைப் பெட்டிக்குள் வைத்துச் சனம் பார்க்க விட்டிருந்தபோது, யாரோ முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் தலையை வாரி, வகிட்டை மறுபக்கம் எடுத்துவிட்டிருந்தான். நல்ல கோட், கழுத்தில் நல்ல ரை, முகம் எல்லாம் அமைதி. எல்லோரும் நித்திரை கொள்வது போல இருக்கிறார் என்றார்கள். எனக்கு மட்டும் யாரோ வேறு ஒருவரைக் கொண்டுவந்து வைத்திருப்பது போல இருந்தது. உங்கள் தங்கச்சி என் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, விரலால் கோதி அதைச் சரியாக்கினேன். குளிர்ந்து போயிருந்தீர்கள். மயிர் மட்டும் சொன்ன இடத்துக்கு வந்தது.

குங்குமம் வைத்த அந்த ஒன்று என்னோடு வரும், உங்கள் மற்ற அட்டைகளை எல்லாம் கொடுத்தாயிற்று. நீங்கள் கேட்டபடியே ஒன்றும் குப்பைக்குப் போகவில்லை, நிம்மதியாக இருங்கள். கட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, மேசை கோயிலுக்கு. ஆனால் உங்கள் தலையில் அந்தச் சுழி எந்தப் பக்கம் திரும்பும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். இனி அதனால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. என் விரல் இன்னும் அதை மறக்கவில்லை. இதை நான் யாரிடம் கொடுத்துவிட்டு வீடு மாறுவது, சொல்லுங்கோ.